விளக்கப்படாத இருபத்தெட்டு நிமிடங்கள்

ரோஸ்கோ டில்மனின் பயணப்படி விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு குறிப்பு.

"ஏப்ரல் மாதத்தின் நான்கு செவ்வாய்க்கிழமைகளிலும் இருபது நிமிடச் சைக்கிள் பயணத்துக்கு நாற்பத்தெட்டு நிமிடம் ஆகியிருக்கிறது. மீதி இருபத்தெட்டு நிமிடங்கள் விளக்கப்படவில்லை. வி. கெய்தர், பயணப்படிப் பிரிவு."

வாஷிங்டனில் அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கு கிலியூட்டும் வார்த்தைகள் சில உண்டு. 'விளக்கப்படவில்லை' அவற்றில் முதலாவது. ரோஸ்கோ குறிப்பை மூன்று முறை படித்தார். பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், பக்கத்து மேஜை மார்வா பிங்கம்.

"என்னய்யா, முகம் செத்துக் கிடக்கு? யாராவது லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்களா?"

"ஒண்ணுமில்ல மார்வா."

"ஒண்ணுமில்லாததுக்கா கணினியைக் கையால மறைக்கிறே? கையை எடு. உன் கை என்ன, கதவா?"

ரோஸ்கோ கையை எடுத்தார். மார்வாவிடமிருந்து எதையும் மறைத்து அந்த ஆபீசில் யாரும் ஜெயித்ததில்லை. யோசனை சொல்லிச் சொல்லியே மூன்று மேலதிகாரிகளை ஓய்வுக்கு அனுப்பிய புண்ணியவதி அவள்.

ரோஸ்கோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மத்திய அரசுக் கட்டடங்களில் இருக்கும் லிஃப்டுகளைச் சோதிக்கிற ஆய்வாளர். இருபத்தொன்பது வருஷமாக ஏறுவதும் இறங்குவதுமே பிழைப்பு. குறுக்கே எங்கும் போய்ப் பழக்கமில்லை. வயது ஐம்பத்தேழு. நான்கு வருஷத்துக்கு முன் மனைவி ஒரு பல் டாக்டருடன் அரிசோனாவுக்குப் போய்விட்டாள். போகிற போக்கில் நாயையும் கொண்டுபோய்விட்டாள். அந்த ராத்திரி ரோஸ்கோ வாய்விட்டு அழுதது சுவர் தாண்டி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டது. யார் பேரைச் சொல்லி அழுதார் என்று நமக்கென்ன வம்பு. ஆனால் அரிசோனாவுக்குப் போனவளின் பெயர் 'பிஸ்கட்' இல்லை.

போன வருஷம்தான் அரசாங்கம் புதிதாக ஒரு சட்டம் போட்டிருந்தது. ஆபீஸ் வேலையாக ஊருக்குள் போகிறவர்கள் இனி போனில் கூப்பிடுகிற வாடகைக் காரிலும் போகலாம், தெருமுனையில் வரிசையாகப் பூட்டி வைத்திருக்கிற வாடகைச் சைக்கிளிலும் போகலாம். ரசீதைக் காட்டினால் பணம் வந்துவிடும். எல்லோரும் காருக்கு ஓடினார்கள். சைக்கிளைத் தேர்ந்தெடுத்தவர் ரோஸ்கோ ஒருவர்தான். தொப்பையைக் குறைக்கத்தான் என்று மார்வா ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். மாதம் ஒன்றாகியும் தொப்பை வைத்த இடத்திலேயே இருந்தது.

உண்மைக் காரணம் ஊரின் வடகிழக்கில், ஒரு செங்கல் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தது.

செவ்வாய்தோறும் பதினோரு மணிக்கு ஆவணக் கிடங்கின் சரக்கு லிஃப்டைப் பார்க்க வேண்டும். மார்ச்சில் முதல் தடவை சைக்கிளில் போனபோது பாதி வழியில் சங்கிலி கழன்றது. ஒரு முக்கோணப் பூங்காவின் பெஞ்சில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ரோஸ்கோ சங்கிலியோடு மல்லுக்கட்டினார். எதிர் வீட்டு வராந்தாவில் ஒரு பெண்மணி. ஐம்பது வயதைத் தாண்டியவள். சிவப்புச் செருப்பு, மடியில் கணினி, பக்கத்தில் ஆவி பறக்கும் காபி. திரையில் எதையோ படித்துவிட்டு அவள் சிரித்தாள் பாருங்கள், மரத்திலிருந்த புறா இரண்டு எழுந்து பறந்தன. ரோஸ்கோ நிமிர்ந்தார். அவளும் நிமிர்ந்தாள். காபிக் கோப்பையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். ரோஸ்கோ கிரீஸ் படிந்த கையை உயர்த்தினார்.

அவ்வளவுதான். ஆனால் அடுத்த வாரம் சங்கிலி கழலவில்லை, ரோஸ்கோ நின்றார். அதற்கடுத்த வாரமும் நின்றார். பெஞ்சில் உட்கார்ந்து டூனா சாண்ட்விச்சில் பாதியைத் தின்பார். அவள் கோப்பையை உயர்த்துவாள். இவர் ஹெல்மெட்டைத் தொடுவார். அவள் கணினியில் விறுவிறுவென்று தட்டுவாள், நடுவில் சிரிப்பாள், சில சமயம் திரையைப் பார்த்து ஒரு விரலை ஆட்டி மிரட்டுவாள். நாவல் எழுதுகிறாள் என்று ரோஸ்கோ முடிவு கட்டியிருந்தார். கடிகாரத்தில் இருபத்தெட்டு நிமிடம் ஆனதும் எழுந்து போய்விடுவார். ஏக்கத்திலும் நேரந்தவறாத மனுஷர்.

இதை 'காரணம்' என்ற கட்டத்தில் எப்படி எழுதுவது?

"சங்கிலி கழண்டுதுன்னு போடு" என்றாள் மார்வா, காரணம் எதுவும் கேட்காமலே. "சைக்கிள்னா சங்கிலி. சங்கிலின்னா கழலும். எவன் கேள்வி கேட்பான்?"

கெய்தர் கேட்டார்.

"நான்கு செவ்வாய்களில் நான்கு வெவ்வேறு சைக்கிள்கள், எண்கள் ரசீதில் உள்ளன. நான்கும் ஒரே அளவு நேரத்துக்குப் பழுதானது எப்படி? பழுது அறிக்கைப் படிவம் நான்கு பிரதிகளில் தேவை."

கெய்தரை ரோஸ்கோ பார்த்ததில்லை. பயணப்படிப் பிரிவு ஆற்றுக்கு அந்தப் பக்கம், வர்ஜீனியாவில் ஏதோ ஒரு கட்டடத்தில் இருந்தது. எல்லாம் கணினி வழிதான். ஆனால் மனத்தில் ஓர் உருவம் விழுந்துவிட்டது: ஒல்லியான கிழவர், வழுக்கை, மூக்கு நுனியில் கண்ணாடி, பெயர் அநேகமாக விர்ஜில். கல்யாணமே ஆகாத விர்ஜில் கெய்தர். மனுஷர் சிரித்தே நாற்பது வருஷம் இருக்கும்.

"இந்தக் கெய்தர் எப்படிப்பட்ட ஆள்?" என்று மார்வாவைக் கேட்டார்.

"பார்த்ததில்லப்பா. ஆனா அவங்க கையில மாட்டினவன் தப்பிச்சதில்லைன்னு கேள்வி. ஒருத்தன் ஓட்டல் ரசீதுல கள்ளக்கணக்கு எழுதினானாம். அவன் தலையணை எத்தனைன்னு வரைக்கும் கேட்டுட்டாங்களாம்."

ரோஸ்கோ நேர்மையான வழிக்குத் திரும்பப் பார்த்தார். சைக்கிளுக்கு முதல் அரை மணிக்கு ஒரு கட்டணம், மேலே போனால் கூடுதல். அந்தக் கூடுதலை நானே கட்டிக்கொள்கிறேன், விண்ணப்பத்திலிருந்து அடித்துவிடுங்கள் என்று பணிவாக எழுதினார்.

பதில் பத்து நிமிடத்தில் வந்தது.

"கேட்டது பணத்தை அல்ல. நிமிடங்களை."

"அடேங்கப்பா! இதென்ன, பாதிரியாரா?" என்றாள் மார்வா. "சரி, பெரிய அஸ்திரத்தை எடுத்துற வேண்டியதுதான். அதிபரோட வண்டி வரிசை மறிச்சுடுச்சுன்னு எழுது. இந்த ஊர்ல அதைச் சொல்லாம தாமதமா வந்தவன் உண்டா? நான் என் பேரன் ஞானஸ்நானத்துக்கே அதைச் சொல்லித்தான் தப்பிச்சேன்."

அதுவும் சரிதான். பெருங்கூட்டமாக முன்னும் பின்னும் போலீஸ் வண்டியோடு அதிபர் கிளம்பினால் பத்துத் தெரு உறைந்து நிற்கும். ஊர்க்காரர்கள் அதைத் திட்டுவார்கள். அதேபோல் மனசுக்குள் நன்றியும் சொல்லிக்கொள்வார்கள். ரோஸ்கோ எழுதினார்.

"அந்த நான்கு நாட்களில் மூன்றில் அதிபர் ஊரிலேயே இல்லை. நான்காவது நாள் மாளிகையை விட்டே வெளியே வரவில்லை. விசாரித்துவிட்டேன். வேறு?"

அந்த 'வேறு?' என்ற ஒற்றைச் சொல் ரோஸ்கோவை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

மே மாதச் செவ்வாய்கள் வேறு சேரத் தொடங்கின. நிற்காமல் போயிருக்கலாமே என்பீர்கள். போய்ப் பார்த்தார். ஒரு செவ்வாய் பூங்காவைக் கண்ணை மூடாத குறையாகக் கடந்து நேராகக் கிடங்குக்குப் போக முயன்றார். அவள் கோப்பையைப் பாதி உயர்த்தியிருந்தாள். இவர் நிற்காததைக் கண்டு அது அந்தரத்தில் அப்படியே நின்றது. ரோஸ்கோ அடுத்த முனையில் திரும்பி, ஒருவழிச் சாலையில் எதிர்த் திசையில் மிதித்து, பேருந்துக்காரனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் சிரித்தாள். கோப்பை முழுசாக உயர்ந்தது.

அன்றைக்கே ரோட்டைக் கடந்திருக்கலாம். முப்பதடி அகலம்கூட இல்லை. எழுந்தார். நடைபாதை விளிம்பு வரை வந்தார். என்ன சொல்வது? 'காலை வணக்கம்' என்றால் அதற்கு மேல் என்ன? 'இந்தப் பக்கமாகப் போனேன்' என்றால், ஏழு வாரமாகவா? எந்த வீட்டுப் படியேறினாலும் கையில் ஆய்வு உத்தரவு ஒன்று இருந்து பழகிவிட்டது அவருக்கு. அந்த வீட்டில் லிஃப்டும் கிடையாது. திரும்பி வந்து மீதி சாண்ட்விச்சைத் தின்றார்.

"வாத்து" என்றாள் மார்வா மறுநாள்.

"என்ன வாத்து?"

"காட்டு வாத்துய்யா. குளக்கரையில கூட்டமா நடுரோட்டுல நிக்குமே, அடிச்சா அபராதம், தள்ளினா கொத்தும். அது போற வரைக்கும் நின்னேன்னு எழுது. அரசாங்கமே பாதுகாக்கிற பறவை. அரசாங்கம் அரசாங்கத்தையே குத்தம் சொல்லுமா?"

ரோஸ்கோ எழுதினார்.

"வாத்துகள் எத்தனை?" என்று கெய்தர் கேட்டார்.

"எத்தனைன்னு போடறது?"

"நிறையப் போடாதே, சந்தேகம் வரும். ஒம்பது."

"ஒன்பது வாத்துகளுக்கு இருபத்தெட்டு நிமிடம். அதாவது ஒரு வாத்துக்கு மூன்று நிமிடம் ஆறு விநாடி. நடந்தனவா, உட்கார்ந்துவிட்டனவா? எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குச் சென்றன? அவற்றில் ஏதேனும் தங்களைப் பார்த்துக் கை, அல்லது இறகு, உயர்த்தியதா?"

மார்வா பொரித்த பன்றித்தோல் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "ரோஸ்கோ, இந்த ஆளுக்குப் பைத்தியம் முத்திடுச்சு. நீ சைக்கிளை விடு. கார்ல போ. கார்ல போனா போனபடி வந்தபடி ரசீது. நிமிஷக் கணக்கே கிடையாது."

அந்த யோசனைதான் எல்லாவற்றிலும் கேடாக முடிந்தது.

அடுத்த செவ்வாய் போனில் கார் கூப்பிட்டார். கறுப்புக் கார் வந்தது. ஓட்டுநர் கெட்டாச்சு, எத்தியோப்பியாவிலிருந்து வந்து பத்தொன்பது வருஷமாக இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவர். பூங்கா வந்ததும் ரோஸ்கோ மெதுவாகச் சொன்னார். "இங்க கொஞ்சம் ஓரமா நிறுத்த முடியுமா?"

"யாராவது ஏறணுமாண்ணே?"

"இல்ல. சும்மா நிக்கணும். அந்த வீட்டு எதிர்ல."

கெட்டாச்சு கண்ணாடி வழியாக ரோஸ்கோவின் கழுத்தில் தொங்கிய அரசாங்க அடையாள அட்டையைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். வானொலியை அணைத்தார். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டில் வழுக்கிக் கீழே இறங்கினார்.

"புரிஞ்சுதுண்ணே. நான் எதையும் பார்க்கல. அந்தம்மா என்ன பண்ணுச்சு? வரி ஏய்ப்பா? உளவா?"

"ஒண்ணும் பண்ணலைங்க."

"ஒண்ணும் பண்ணாதவங்களைத்தான் நீங்க அதிகமா கண்காணிப்பீங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

"ஐயோ, நான் லிஃப்ட் ஆய்வாளர்!"

"ஆமாண்ணே. எல்லாரும் அப்படி ஏதாவது ஒண்ணுதான் சொல்வீங்க."

வேறு வழியில்லாமல் ரோஸ்கோ உண்மையைச் சொன்னார். கோப்பை, சிரிப்பு, இருபத்தெட்டு நிமிடம், எல்லாவற்றையும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம், அதுவும் முன்பின் தெரியாத ஒருவரின் பிடரியைப் பார்த்து. கெட்டாச்சு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க ஊர்ல ஒரு வீட்டு முன்னாடி நின்னா, உள்ள கூப்பிட்டு மூணு கோப்பை காபி குடிக்க வெக்காம விடமாட்டாங்க. நீங்க ஒரு கோப்பையை எட்ட இருந்து பார்த்துக்கிட்டே ரெண்டு மாசமா நிக்கிறீங்களா?"

"ஆமா."

"இறங்குங்க. போய்க் கதவைத் தட்டுங்க. நான் காசே வாங்காம நிக்கிறேன்."

"என்ன சொல்றது?"

"காபி நல்லா மணக்குதுன்னு சொல்லுங்க! அதுக்கும் மேலிடத்து உத்தரவு வேணுமா?"

ரோஸ்கோ கதவின் கைப்பிடியைத் தொட்டார். அதே நேரம் வராந்தாவில் அவள் நிமிர்ந்தாள். காலியான பெஞ்சைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு எதிரே நின்ற கறுப்புக் காரைப் பார்த்தாள். உள்ளே சரிந்து உட்கார்ந்த இரண்டு ஆண்கள். கணினியை மூடினாள், காபியை எடுத்தாள், உள்ளே போனாள். திரைச்சீலை சர்ரென்று இழுபட்டது.

"போச்சுண்ணே" என்றார் கெட்டாச்சு வருத்தமாக. "இப்ப நீங்க போய்த் தட்டினா போலீஸ்தான் வரும்."

கார் ரசீதில் வரைபடமே இருந்தது. நீலக் கோடு போய்க்கொண்டே இருந்து, ஓர் இடத்தில் புள்ளியாக நின்று, மறுபடி போனது. 'இடை நிறுத்தம்: பத்தொன்பது நிமிடம்.'

கெய்தரின் குறிப்பு அன்று மாலையே வந்தது. "இம்முறை வாத்துகள் காரிலா? மேலும் ஒரு கேள்வி. சைக்கிளைக் கைவிட்டது ஏன்?"

ரோஸ்கோ பதில் எழுதவில்லை. அடுத்த செவ்வாய் ஓடோடிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மழை பிடித்துக்கொண்டது. வராந்தாவில் நாற்காலி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சிவப்புச் செருப்பு இல்லை. பெஞ்சில் ஈரத்தில் உட்கார்ந்து, சாண்ட்விச் ஊறிக் கூழாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் நாற்காலிக்கு ஹெல்மெட்டைத் தொட்டு மரியாதை செய்தார். நனைந்துபோய் நின்ற அந்த மனுஷரைப் பார்த்து ஒரு நாய்கூட நின்று யோசித்துவிட்டுத்தான் போயிற்று.

அன்று கிடங்கு லிஃப்டில் ஏறிக் கதவை மூடிக்கொண்டு, மேலும் கீழுமாக ஆறு தடவை போய்வந்தார். சோதனைக்கு மூன்று தடவை போதும்.

மறுநாள் ஆபீசில் மார்வா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"ரோஸ்கோ, உன் கடிதப் போக்குவரத்து மேலிடம் வரைக்கும் போயிடுச்சு. வாத்து சமாச்சாரத்தைப் படிச்சுட்டு பெரியவர் கொதிச்சுட்டாராம். இனிமே உனக்குச் சைக்கிளும் கிடையாது, காரும் கிடையாது. ஆபீஸ் வேன்ல ஏத்திக் கொண்டுபோய் இறக்கி, திருப்பிக் கொண்டாந்து விடப்போறாங்க. வேன் நெடுஞ்சாலை வழியாப் போகும்."

"நெடுஞ்சாலையா? அப்ப அந்தத் தெரு..."

"எந்தத் தெரு?"

ரோஸ்கோ கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மார்வா அவரை உற்றுப் பார்த்தாள். முதல் தடவையாக அவளுக்கு யோசனை எதுவும் வரவில்லை.

"உன் வாத்துக்கு என்ன பேருய்யா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தெரியாது மார்வா."

"ரெண்டு மாசமா?"

"கேட்டதில்ல."

மார்வா பன்றித்தோல் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவள் பொட்டலத்தை இன்னொருத்தர் பக்கம் நகர்த்தி அந்த ஆபீசில் யாரும் பார்த்ததில்லை.

அன்று கெய்தரிடமிருந்தும் கடைசிக் குறிப்பு வந்தது. "வரும் செவ்வாய் நண்பகலுக்குள் உண்மையான காரணம் எழுத்தில் வந்தால், வேன் உத்தரவை நிறுத்த என்னால் முடியும். இனி உண்மையைத் தவிர வேறு எதையும் எழுத வேண்டாம். பறவைகள் போதும்."

ரோஸ்கோ உண்மையைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தார். கணினியில் விளக்கக் கட்டம் இருநூறு எழுத்துக்கு மேல் ஏற்காது. அத்தனை நாளும் அது அவருக்குத் தெரியவில்லை. பொய்க்கு அந்த இடம் தாராளமாகப் போதுமாக இருந்தது. உண்மை இரண்டாவது வரியிலேயே முட்டிக்கொண்டு சிவப்பாக மின்னியது. நான்கு தடவை சுருக்கிப் பார்த்தார். 'ஒரு பெண்மணி சிரித்தார்' என்பது வரை சுருங்கியது. அதைப் படித்தால் வழக்குப் போடுவார்கள் என்று பட்டது. கடைசியில் காகிதத்தில் கையால் எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

காகிதத்தை நேரில்தான் கொடுக்க வேண்டும். ஆகவே செவ்வாய்க்கிழமை, வழக்கமாக முக்கோணப் பூங்காவில் இருக்க வேண்டிய நேரத்தில், ரோஸ்கோ ரயிலேறி ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார். வெளியே நல்ல வெயில். இன்றைக்கு நாற்காலி நிமிர்ந்திருக்கும். கோப்பை உயரும். பெஞ்ச் காலியாக இருக்கும். அவரை நினைத்து அவள் ஒரு கணமாவது எதிர்ப்பக்கம் பார்ப்பாளா, அல்லது கறுப்புக் காரோடு எல்லாம் முடிந்துவிட்டதா? திரும்பிவிடலாமா என்று இரண்டு நிலையங்களில் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

பயணப்படிப் பிரிவில் வெள்ளைத்தாடி வைத்த ஒரு பெரியவர் மட்டும் கவுண்டரில் உட்கார்ந்து, பேனாவால் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பெயர்ப்பலகையில் ஓடெல் ஸ்பிரிக்ஸ் என்று இருந்தது.

"கெய்தரைப் பார்க்கணும்" என்றார் ரோஸ்கோ.

"செவ்வாய்னா அவங்க இங்க வர்றதில்ல தம்பி. என்ன விஷயம்?"

"ஒரு விளக்கம். நண்பகலுக்குள்ள கொடுக்கணும். பேர் டில்மன்."

பேனா நின்றது. ஓடெல் தலையைத் தூக்கி ரோஸ்கோவை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். நடுவில் தொப்பையிடம் கொஞ்சம் நின்றார்.

"வாத்து டில்மனா?"

"ஆமாங்க" என்றார் ரோஸ்கோ, தரையைப் பார்த்து.

"கொண்டா. முறைப்படி நான் படிச்சுட்டுத்தான் வாங்கிக்கணும்."

"இதைக் கெய்தர் மட்டும் படிச்சா..."

"முறைப்படி, தம்பி. வாய்விட்டுப் படிச்சாத்தான் எனக்கு மண்டையில ஏறும்."

ஓடெல் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கோயிலில் வேதம் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார். பின்னாலிருந்த மேஜைகளில் நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

"'மதிப்பிற்குரிய கெய்தர் ஐயா அவர்களுக்கு...'" ஓடெல் இருமினார். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். தொடர்ந்தார்.

"'முதல் செவ்வாயன்று சங்கிலி கழன்றது மெய். சரிசெய்ய மூன்று நிமிடம் ஆனது. மீதி நேரம் எதிர் வீட்டு வராந்தாவில் ஒரு பெண்மணி சிரித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்து வந்த செவ்வாய்களில் சங்கிலி கழலவில்லை. அதிபர் வரவில்லை. வாத்து ஒன்றுகூட இல்லை. அவர் என்னைப் பார்த்துக் கோப்பையை உயர்த்துவார், நான் ஹெல்மெட்டைத் தொடுவேன். வேறு எதுவும் நடக்கவில்லை. அவர் பெயர் எனக்குத் தெரியாது. கறுப்புக் காரில் வந்து அவரைப் பயமுறுத்தியதும் நான்தான். அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆனால் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

'இதில் அரசாங்கக் காரியம் எதுவும் இல்லை. நான்கு வருஷமாக என்னை எதிர்பார்த்து யாரும் எங்கும் உட்கார்ந்திருந்ததில்லை. அவரும் என்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை என்பது தெரியும். ஆனாலும் வாரத்தில் மற்ற ஆறு நாளும் அந்த இருபத்தெட்டு நிமிடத்தை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறேன். அந்தப் பயணத்துக்குப் படி கேட்கவில்லை. சைக்கிள் பணத்தையும் பிடித்தம் செய்துகொள்ளுங்கள். என்ன தண்டனை என்றாலும் ஏற்கிறேன். அந்தத் தெருவழியாகப் போகிற அனுமதியை மட்டும் ரத்து செய்யாதீர்கள்.

'இப்படிக்கு, ஆர். டில்மன், லிஃப்ட் ஆய்வாளர்.'"

பின் மேஜையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ரோஸ்கோவின் காது இரண்டும் கொதித்தன. நெஞ்சில் இருந்ததையெல்லாம் எடுத்துக் கவுண்டரில் கொட்டியாயிற்று. இனி வேன்தான், நெடுஞ்சாலைதான் என்று நினைத்தபோது, பயத்துக்குப் பதிலாக, இந்நேரம் அந்தத் தெருவில் காபி ஆறிக்கொண்டிருக்கும் என்கிற நினைப்புத்தான் வந்தது.

"இதுக்கு என்ன முத்திரை குத்துவீங்க?" என்றார். "கெய்தர் கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. கல்மனசுக்காரர்னு தெரியும், இருந்தாலும்..."

ஓடெல் காகிதத்தை நாலாக மடித்து, முத்திரை எதையும் தேடாமல், தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்தினார்; மறுமுனையில் எடுத்ததும் ஆபீசே கேட்கிற மாதிரிக் கத்தினார்:

"கெய்தரம்மா, எட்டுத் தடவை திருப்பி அனுப்பினது போதும், உங்க வீட்டு எதிர்ல நிக்கிற ஆளு ஏன் நிக்கிறேன்னு கடைசியில எழுதிக் கொண்டாந்துட்டாரு, கணினியை மூடிட்டு இன்னொரு கோப்பையை எடுத்து வையுங்க, நான் அவரை அங்கயே அனுப்பிவைக்கிறேன்!"